காவலும் கடனும்: பால்டிமோர் வியாபாரி சாமுவேல் ஸ்மித்

1812இல் தொடங்கிய அமெரிக்க-பிரிட்டிஷ் போரின் நடுவே, 1814 ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து ஜனாதிபதி மாளிகையையும் காங்கிரஸ் கட்டடத்தையும் கொளுத்தியது. அடுத்த இலக்கு சுமார் நாற்பது மைல் தொலைவில் இருந்த பால்டிமோர் துறைமுகம்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மறுநாளே அந்த ஊர்ப் பெரியவர்கள் கூடி நகரத்தின் பாதுகாப்பை ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அந்த வட்டாரத்துக்கென்று மத்திய அரசு நியமித்த ராணுவத் தளபதி ஏற்கெனவே இருந்தார். அவரைத் தாண்டிப்போய், 62 வயதான ஒரு மாவு வியாபாரியைக் கூப்பிட்டார்கள். அவர் பெயர் சாமுவேல் ஸ்மித். ஊர் பிழைத்தது.

ஐந்து வருடம் ஆவதற்குள், 1819 மே மாதம், அதே ஸ்மித்தின் கம்பெனி திவாலாகி பால்டிமோரின் பாதி வியாபாரத்தை ஆட்டிவைத்தது. அந்தச் சமயத்தில் அவர் வகித்த பதவி, பிரதிநிதிகள் சபையின் வரி-வருவாய்க் குழுத் தலைவர். அதாவது நாட்டின் கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து வரவேண்டும் என்று முடிவு செய்கிற நாற்காலி. கம்பெனி போயிற்று, நாற்காலி போகவில்லை.

அமெரிக்க வரலாற்றில் முதலாவது நிகழ்ச்சி வீரக் கதையாகவும் இரண்டாவது வங்கி ஊழலாகவும் தனித்தனி அத்தியாயங்களில் வந்துபோகும். எனக்கு அவை ஒரே கதையாகத்தான் படுகின்றன. 1814இல் ஊரைக் காப்பாற்றிய அதே தெரிந்தவர் வட்டம்தான், அதே கையெழுத்தின் மதிப்புதான், 1819இல் ஊரைக் கவிழ்த்தது. அது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

மாவும் உண்டியலும்

ஸ்மித் 1752 ஜூலை 27 அன்று பென்சில்வேனியாவின் கார்லைலில் பிறந்தார். அயர்லாந்து வழியாக வந்து சேர்ந்த ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம், மதத்தில் பிரஸ்பிட்டேரியன். பையனுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அப்பா ஜான் ஸ்மித் பால்டிமோருக்கு வந்து கடை போட்டார். அன்றைக்கு அது ஒரு சிற்றூர். ஆனால் இடம் பிரமாதமான இடம். செசபீக் விரிகுடாவின் மேல்கோடியில் துறைமுகம், முதுகுப்பக்கம் கோதுமை விளையும் மண், ஊரைச் சுற்றி ஓடும் ஓடைகளில் நீர்விசையால் சுற்றும் மாவு ஆலைகள். கோதுமையை அரைத்துப் பீப்பாய்களில் அடைத்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்புவார்கள். அங்கே நிலமெல்லாம் கரும்பு. சாப்பாடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். திரும்பும் கப்பலில் சர்க்கரையும் காபியும் வரும். இந்த ஒரு சுற்று வியாபாரம் ஊரை எப்படி வளர்த்தது என்பதற்கு இரண்டு எண்கள் போதும்: 1790 கணக்கெடுப்பில் பால்டிமோரின் மக்கள்தொகை 13,503, 1810இல் 46,555.

அந்தத் தீவுகளில் கரும்பு வெட்டியவர்கள் அடிமைகள். பால்டிமோரிலும் அடிமைகள் இருந்தார்கள். ஸ்மித்தின் வீட்டிலும் இருந்தார்கள். அவருடைய செல்வத்தைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

இந்த வியாபாரத்தில் ரொக்கம் அபூர்வம். சரக்கு போய், விற்று, பணமாகத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதுவரை எல்லாம் காகிதத்தில்தான் ஓடும்: உண்டியல் (இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று வேறோர் ஊர் வியாபாரிக்கு எழுதும் சீட்டு), புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக்கொடுக்கும் சீட்டு), அதன் முதுகில் இன்னொருவர் போடும் ஜாமீன் கையெழுத்து. யாருடைய கையெழுத்துக்கு எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு மதிப்பு என்று தெரிந்து வைத்திருப்பதுதான் தொழிலின் பாதி. ஸ்மித் இதை அப்பாவின் கணக்கு மேசையில் கற்றார். இளவயதில் குடும்பக் கப்பலில் ஐரோப்பா போய் அங்குள்ள துறைமுகங்களிலும் கற்றார். பிற்பாடு ஜேம்ஸ் புக்கானனோடு சேர்ந்து அவர் நடத்திய ‘எஸ். ஸ்மித் அண்ட் புக்கானன்’ நாட்டின் மிகப் பெரிய வணிக நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது.

மட் தீவு கொடுத்த பாடம்

பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்கப் புரட்சிப் போர் தொடங்கியதும் 1776 ஜனவரியில் மேரிலாந்துப் படையில் கேப்டன் ஆனார். அந்த வருடம் லாங் ஐலண்ட் சண்டையில் மேரிலாந்துக்காரர்கள் பேர் வாங்கியது தெரிந்த கதை. அதை விட்டுவிட்டு 1777 இலையுதிர் காலத்துக்கு வருகிறேன். 1814ஐப் புரிந்துகொள்ள அதுதான் முக்கியம்.

பிரிட்டிஷார் பிலடெல்பியாவைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்குச் சாப்பாடும் வெடிமருந்தும் டெலவேர் ஆற்றின் வழியாகத்தான் வரவேண்டும். ஆற்றின் நடுவே மட் தீவில் மிஃப்ளின் கோட்டை. ஆற்றுக்கு அடியில், கப்பல்களின் அடிப்பாகத்தைக் கிழிப்பதற்காக இரும்புமுனை வைத்த மரச்சட்டங்களை அமெரிக்கர்கள் புதைத்து வைத்திருந்தார்கள். அந்தத் தடைகளை எதிரி பிடுங்கவிடாமல் சுட்டுக்கொண்டே இருப்பதுதான் கோட்டையின் வேலை. அதற்குப் பொறுப்பு லெப்டினன்ட் கர்னல் ஸ்மித், வயது 25.

பேருக்கு அவருக்கு மேலே ஒருவர் நியமிக்கப்பட்டார்: ஐரோப்பாவிலிருந்து வந்த பாரன் தாரென்ட். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆற்றில் சிறு படகுகளை நடத்திய ஹேசல்வுட்டோடும் உரசல். யார் யாருக்குக் கட்டளை இடுவது என்ற கேள்விக்கு விடை இல்லாமலே வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். நவம்பர் 11 அன்று குண்டு ஒன்று பாசறைக்குள் பாய்ந்ததில் ஸ்மித் காயம்பட்டு அப்புறப்படுத்தப்பட்டார். நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. தீவுக்கும் கரைக்கும் நடுவே இருந்த பின்புறக் கால்வாய் வழியாகப் பீரங்கி ஏற்றிய ஒரு பிரிட்டிஷ் கப்பல் நுழைந்து, மிக அருகிலிருந்து கோட்டையை நொறுக்கியது. அன்றிரவே மிச்சமிருந்தவர்கள் வெளியேறினார்கள். முன்வாசல் கடைசிவரை தாங்கியது. கொல்லைப்புறம்தான் திறந்து கிடந்தது.

காங்கிரஸ் ஸ்மித்துக்கு ஒரு வாளைப் பரிசாக அறிவித்தது. வாளை விற்றுக் குடும்பம் நடத்த முடியாது. 1778 டிசம்பர் கடைசி நாளில் மார்கரெட் ஸ்பியரை மணந்துகொண்டார். அடுத்த வருடம் ராணுவப் பதவியை விட்டுவிட்டு வியாபாரத்துக்குத் திரும்பினார். ஆனால் ஊர்ப்படையை விடவில்லை. ஊர்ப்படை என்றால் சம்பளச் சிப்பாய்கள் கிடையாது. கடைக்காரரும் தச்சரும் மாலுமியும் குறிப்பிட்ட நாட்களில் துப்பாக்கியோடு கூடிப் பயிற்சி செய்வது. அதில் கர்னல், பிறகு பிரிகேடியர், கடைசியில் மேஜர் ஜெனரல். 1794இல் பென்சில்வேனியா விவசாயிகள் சாராய வரிக்கு எதிராகக் கிளம்பியபோது மேரிலாந்துப் படையை நடத்திச் சென்றவரும் அவரே.

வாஷிங்டனில் ஒரு தரகர்

மேரிலாந்து சட்டமன்றம், பிறகு 1793இலிருந்து பிரதிநிதிகள் சபை, 1803இலிருந்து செனட். இடையே சுமார் ஒரு வருடம் நீங்கலாக 1833 வரை காங்கிரஸில் இருந்தார். நாற்பது வருடத்தில் அவர் பேசிய பேச்சுகளைவிட, பேசி முடித்துக் கொடுத்த விவகாரங்கள்தான் சுவாரசியமானவை.

1800 ஜனாதிபதித் தேர்தலில் ஜெபர்சனுக்கும் ஆரன் பர்ருக்கும் தலா 73 வாக்குகள். முடிவு பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு, ஜெயிக்க ஒன்பது மாநிலம் வேண்டும். ஜெபர்சனிடம் எட்டு. மேரிலாந்து உறுப்பினர்கள் நாலுக்கு நாலு என்று பிரிந்து கிடந்தார்கள். 35 சுற்று வாக்கெடுப்பிலும் நகரவில்லை. அப்போது டெலவேரின் ஒரே உறுப்பினரான, ஜெபர்சனுக்கு எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்ட் கட்சியின் பேயார்ட் மனம் மாறத் தயாராக இருந்தார், ஆனால் சில உறுதிகள் வேண்டும் என்றார்: அரசு கடனைத் திருப்பித் தருமா, கடற்படை நீடிக்குமா, குறிப்பிட்ட சில அதிகாரிகளின் வேலை நிலைக்குமா. ஸ்மித் தங்கியிருந்த விடுதியில்தான் ஜெபர்சனும் தங்கியிருந்தார். சாதாரணமாகப் பேசுவதுபோல் ஜெபர்சனிடம் இதையெல்லாம் கேட்டுவிட்டு, மறுநாள் பேயார்டிடம் போய், கவலை வேண்டாம் என்றார். 1801 பிப்ரவரி 17, 36ஆம் சுற்றில் ஜெபர்சன் ஜனாதிபதி ஆனார்.

தான் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை என்று ஜெபர்சன் கடைசிவரை சொன்னார். பேரம் நடந்தது என்று பேயார்ட் சொன்னார். இருவருமே பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகர் மாதிரி, இரண்டு பக்கமும் வாய் திறக்காமலேயே ஸ்மித் வியாபாரத்தை முடித்துவிட்டார்.

ஜெபர்சன் அவருக்குக் கடற்படைச் செயலர் பதவி கொடுக்க முன்வந்தார். ஸ்மித் ஏற்கவில்லை, சம்பளமோ பட்டமோ இல்லாமல் சில மாதம் அந்த வேலையைப் பார்த்துக் கொடுத்தார். அப்புறம் அந்தப் பதவிக்கு வந்தவர் அவருடைய தம்பி ராபர்ட் ஸ்மித். எட்டு வருடம் இருந்தார். இந்தக் காலத்தில் மத்தியதரைக் கடலில் இருந்த அமெரிக்கக் கப்பல்களுக்குப் பணம் அனுப்ப, அண்ணனின் கம்பெனி எழுதிய உண்டியல்களைக் கடற்படை வாங்கியது. 1809இல் பிரதிநிதிகள் சபை இதை விசாரித்தது. நிதிச் செயலர் காலட்டினுக்கு அண்ணன், தம்பி இருவர் மேலும் தீராத கசப்பு. குற்றம் என்று நிரூபணம் ஆகவில்லை. அந்தக் காலத்தில் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்குப் பணம் அனுப்ப ஒரு பெரிய வியாபாரியின் உண்டியலைவிட எளிய வழி கிடையாது என்பதும் உண்மைதான். ஆனாலும் வாங்குகிறவர் தம்பி, விற்கிறவர் அண்ணன்.

சொந்தபந்தம் அத்தோடு நிற்கவில்லை. ஸ்மித்தின் சகோதரியை மணந்தவர் வெர்ஜீனியாவின் வில்சன் கேரி நிக்கலஸ். செனட்டர், பிறகு அந்த மாநில ஆளுநர். ஸ்மித் மனைவியின் உடன்பிறந்தாள் மகள் பெட்ஸி பேட்டர்சன், 1803 கிறிஸ்துமஸ் முந்நாள் நெப்போலியனின் தம்பி ஜெரோமை மணந்து இரண்டு கண்டங்களையும் பேசவைத்த பெண். (அண்ணன் அந்தக் கல்யாணத்தை ஏற்கவில்லை, ரத்து செய்துவிட்டார்.) நிக்கலஸ் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

1814: யார் கட்டளை?

ஆகஸ்ட் 25 அன்று கூடிய நகரக் கண்காணிப்பு-பாதுகாப்புக் குழுவுக்கு மேயர் எட்வர்ட் ஜான்சன் தலைவர். ராணுவ வட்டாரத் தளபதி பிரிகேடியர் வில்லியம் வைண்டர். முந்தைய நாள் பிளாடென்ஸ்பர்க்கில் தோற்று, வாஷிங்டனுக்கு வழிவிட்டவர் அவர்தான். ஆகவே ஊருக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ஸ்மித்தை நியமிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று பாருங்கள்: ஈரீ ஏரியில் வென்ற கடற்படை நாயகன் பெர்ரி, துறைமுக வாயிலைக் காத்த மெக்ஹென்றி கோட்டையின் மேஜர் ஆர்மிஸ்டெட், ஊர்ப்படைப் பிரிகேடியர் ஸ்டிரிக்கர். சம்பள ராணுவமும் கடற்படையும் ஊர்ப்படைக்காரரைக் கேட்டது விசித்திரம்தான். குழுவில் இருந்த ஜான் ஈகர் ஹோவர்ட் ஃபெடரலிஸ்ட், ஸ்மித்தின் அரசியல் எதிரி. அவரும் ஒப்புக்கொண்டார்.

ஸ்மித் உடனே தலையாட்டவில்லை. ஆளுநரின் உத்தரவு கையில் வந்தால்தான் என்றார். மட் தீவில் பாரனோடு மல்லுக்கட்டியவருக்கு இதன் அவசியம் நன்றாகவே தெரிந்திருக்கும். ஆளுநர் லெவின் வைண்டர், தளபதி வைண்டருக்குச் சித்தப்பா பெரியப்பா முறை. அவர் அனுப்பிய கடிதம் எப்படி வேண்டுமானாலும் பொருள்கொள்ளும்படி இருந்தது: ஜனாதிபதி கேட்டிருந்த மேஜர் ஜெனரலாக உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பதுபோல ஒரு வாசகம். அதை வைத்து ஸ்மித், தான் மத்திய அரசின் சேவைக்கு அழைக்கப்பட்டுவிட்டதாகவும், மேஜர் ஜெனரல் பிரிகேடியருக்கு மேல் என்பதால் வைண்டர் இனி தனக்குக் கீழ் என்றும் அறிவித்தார். வைண்டர் வாஷிங்டன் வரை போய் முறையிட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பத்திரத்தில் ஒரு வரியைத் தனக்குச் சாதகமாகப் படித்துக் காட்டி எதிராளியை அடக்குவது வியாபாரிக்குப் பழகிய வேலை.

ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மண் வேலை. கிழக்கே ஹாம்ப்ஸ்டெட் குன்றில் ஒரு மைல் நீளத்துக்கும் மேலாகப் பதுங்குகுழியும் மண்சுவரும். எந்த வார்டு எந்த நாளில் வரவேண்டும் என்று குழு முறை வைத்தது. ஊர்ப்படையில் சேராதவர்களும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டியோடு வரவேண்டும். அடிமைகளை எஜமானர்கள் அனுப்பிவைக்க வேண்டும். தங்களுக்குச் சொந்தமில்லாத ஊருக்காக அவர்களும் மண் சுமந்தார்கள். கடற்படைத் தளபதி ரோட்ஜர்ஸின் மாலுமிகள் பீரங்கிகளை மேலே ஏற்றினார்கள். பென்சில்வேனியாவிலிருந்தும் வெர்ஜீனியாவிலிருந்தும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். மொத்தம் பதினைந்தாயிரம் வரை சேர்ந்தது. இத்தனை பேருக்கும் ரொட்டி, இறைச்சி, கூடாரம், வண்டி, மாடு. வாஷிங்டனில் அரசாங்கமே சிதறிக் கிடந்தபோது இதற்கெல்லாம் பணம் கொடுத்தவை ஊர் வங்கிகள். அந்த வங்கிகளின் இயக்குநர்கள் யார்? ஸ்மித்தோடு முப்பது வருடமாக உண்டியல் மாற்றிக்கொண்டவர்கள்.

துறைமுக வாயிலில் வியாபாரிகளின் சொந்தக் கப்பல்களையே மூழ்கடித்தார்கள். இந்த ஒரு காரியத்தை யோசித்துப் பாருங்கள். கப்பல் என்பது ஒரு வியாபாரியின் ஆஸ்தி. அதைத் தண்ணீரில் அமிழ்த்து என்று ராணுவ அதிகாரி ஒருவர் சொன்னால் வழக்கு நடக்கும். தானும் கப்பல் வைத்திருக்கிற ஒருவர் சொன்னதால் நடந்தது.

மட் தீவுப் பாடம் இங்கேதான் தெரிகிறது. மூழ்கிய கப்பல்கள், ஆற்றடியில் இருந்த மரச்சட்டங்களுக்குப் பதில். மிஃப்ளின் கோட்டைக்குப் பதில் மெக்ஹென்றி கோட்டை. அதோடு இன்னொன்று: 1777இல் கொல்லைப்புறக் கால்வாயால் கோட்டை வீழ்ந்தது. மெக்ஹென்றிக்கும் மேற்குப் பக்கத்தில் அப்படி ஒரு கிளை உண்டு, ஃபெர்ரி பிராஞ்ச். அதன் கரையில் கோவிங்டன் கோட்டையும் பாப்காக் பீரங்கி மேடையும் இருந்தன. இவை எதுவும் இரண்டு வாரத்தில் முளைத்தவை அல்ல. பிரிட்டிஷ் கப்பல்கள் விரிகுடாவுக்குள் தலைகாட்டிய 1813 வசந்தத்திலிருந்தே ஸ்மித் துறைமுகத்தைப் பலப்படுத்திக்கொண்டிருந்தார். ஆர்மிஸ்டெட்டின் கோட்டைக்காக மேரி பிக்கர்ஸ்கில் 30க்கு 42 அடியில் தைத்த பெருங்கொடியும் அந்த வருடத்து வேலைதான். கூலியும் துணியும் சேர்த்து அதன் ரசீது 405 டாலர் 90 சென்ட்.

செப்டம்பர் 12 அன்று பிரிட்டிஷ் படை நார்த் பாயின்ட்டில் இறங்கியது. அவர்களை நிறுத்திவிட முடியும் என்று ஸ்மித் நினைக்கவில்லை. தாமதப்படுத்தினால் போதும் என்று ஸ்டிரிக்கரை சுமார் 3,200 பேரோடு முன்னே அனுப்பினார். சண்டை முழுதாகத் தொடங்கும் முன்பே பிரிட்டிஷ் தளபதி ராபர்ட் ராஸ் சுடப்பட்டு இறந்தார். கர்னல் ஆர்தர் புரூக் பொறுப்பேற்று ஸ்டிரிக்கரைப் பின்வாங்க வைத்தார். மேரிலாந்துக்காரர்களில் 24 பேர் இறந்தார்கள். மறுநாள் புரூக் ஹாம்ப்ஸ்டெட் குன்றுக்கு முன்னால் வந்து நின்றார். வடக்கே சுற்றி வளைக்கப் பார்த்தார். ஸ்மித் உடனே ஸ்டிரிக்கரையும் வைண்டரையும் அந்தப் பக்கம் நகர்த்தினார். ஆமாம், அதே வைண்டர். மனஸ்தாபத்தோடு, ஆனால் சொன்ன இடத்தில் நின்றார்.

மெக்ஹென்றி கோட்டை மேல் பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்து 25 மணி நேரம் குண்டுமழை. 1,500இலிருந்து 1,800 குண்டுகள் வரை வீசப்பட்டன என்பது கணக்கு. கப்பல்கள் நெருங்கி வர முடியாததால் இரண்டு மைல் தள்ளி நின்று வீசினார்கள். கோட்டையில் இறந்தவர்கள் நான்கு பேர், காயம் 24 பேர். இரவில் எதிரிப் படகுகள் ஃபெர்ரி பிராஞ்ச் வழியாக, அதாவது கொல்லைப்புறமாக, ஓசைப்படாமல் நுழையப் பார்த்தன. கோவிங்டனும் பாப்காக்கும் சுட்டு விரட்டின. அதிகாலை மூன்று மணி வாக்கில் புரூக் படையைத் திருப்பிக்கொண்டு போனார்.

காலையில் கோட்டைக் கொடியைப் பார்த்து பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாட்டு 1931இல் நாட்டின் தேசிய கீதம் ஆனது. பாட்டில் கொடி இருக்கிறது, குண்டு இருக்கிறது. வார்டு வாரியாக முறை வைத்து மண் வெட்டச் சொன்னவர் பாட்டில் வரமாட்டார்தான்.

1819: அதே கையெழுத்து

1811இல், மத்திய அரசின் உரிமத்தில் இயங்கிய முதலாவது அமெரிக்க வங்கியின் உரிமத்தைப் புதுப்பிக்கும் தீர்மானம் செனட்டில் 17க்கு 17 என்று நின்று, துணை ஜனாதிபதி கிளின்டனின் வாக்கால் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஸ்மித்தும் ஒருவர். போரில் அரசாங்கத்தின் நிதி நிலைமை நாறிப்போனதும், 1816இல் இரண்டாவது வங்கியைத் தொடங்கினார்கள். மூலதனம் 35 மில்லியன் டாலர், தலைமையிடம் பிலடெல்பியா. பால்டிமோர் கிளைக்குத் தலைவராக வந்தவர் ஸ்மித்தின் கூட்டாளி ஜேம்ஸ் புக்கானன். காஷியர் ஜேம்ஸ் மக்கல்லா.

அந்த வங்கியில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு 30 வாக்குக்கு மேல் கிடையாது என்று விதி. பணக்காரர்கள் வங்கியைக் கைப்பற்றக் கூடாது என்பதற்காக. பால்டிமோரின் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ன செய்தார் என்றால், 1,172 பங்குகளை 1,172 பேர் பெயரில் எழுதி வாங்கினார். விதியும் பிழைத்தது, வாக்கும் சேர்ந்தது. அவர் புக்கானனின் கூட்டாளி, வங்கியின் இயக்குநரும்கூட.

புக்கானன், மக்கல்லா, வில்லியம்ஸ் மூவரும் செய்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. 100 டாலர் பங்கை வாங்குவது. அதே பங்கை அதே வங்கியில் ஈடு வைத்துக் கடன் எடுப்பது. கடன் பணத்தில் இன்னும் பங்கு வாங்குவது. தலைமையகம் தாராளமாக, பங்குக்கு 125 டாலர் வரை கடன் கொடுக்கலாம் என்று அனுமதித்திருந்தது. விலை ஏறும்வரை எல்லோரும் கெட்டிக்காரர்கள். 1818 நடுவில் வங்கி கடனைச் சுருக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. அதற்குள் மூவரும் ஈடே இல்லாமலும், கிளை இயக்குநர் குழுவுக்குத் தெரியாமலும் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். எடுத்தவர், கொடுத்தவர், கணக்கெழுதியவர் எல்லாம் ஒரே ஆட்கள். யார் தடுப்பது?

1819 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம், மாநில அரசு இந்த வங்கிக்கு வரி போட முடியாது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு அது. அதன் பெயரில் இருப்பவர் இதே காஷியர் மக்கல்லாதான். அதே மாதம் பிலடெல்பியாவில் புதிய தலைவர் லாங்டன் சீவ்ஸ் பொறுப்பேற்றுப் பேரேடுகளைத் திறந்தார். நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்த கிளையில் 15 லட்சம் டாலருக்கும் மேல் காணவில்லை.

மே மாதம் எஸ். ஸ்மித் அண்ட் புக்கானன் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. வெளியுறவுச் செயலராக இருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ், ஊரே ஆடிப்போனதையும், ஸ்மித் மனம் கலங்கிப் படுத்த படுக்கையாகிவிட்டதாகப் பேச்சு அடிபடுவதையும் நாட்குறிப்பில் எழுதினார். அப்புறம் அந்த மைத்துனர். நிக்கலஸ் வங்கியின் ரிச்மண்ட் கிளைத் தலைவராக இருந்தார், அவரும் மூழ்கினார். முந்தைய வருடம் அவருடைய 20,000 டாலர் நோட்டுகளுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தவர் ஓய்வுபெற்ற ஜனாதிபதி ஜெபர்சன். நிக்கலஸின் மகள் ஜெபர்சனின் பேரனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். சம்பந்தி கேட்டால் எப்படி மறுப்பது? 1820இல் நிக்கலஸ் இறந்தார். அந்தக் கடன் ஜெபர்சன் தலையில் விடிந்து, சாகும்வரை இறங்கவில்லை.

ஸ்மித் மேல் வழக்கு இல்லை. மற்ற மூவர் மேலும் மேரிலாந்து சதி வழக்குப் போட்டது. வங்கி அதிகாரி வங்கிப் பணத்தை எடுத்தால் என்ன குற்றம் என்று சட்டம் தெளிவாக இல்லாத காலம். குற்றச்சாட்டு செல்லும் என்று 1821இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1823இல் விசாரணையின் முடிவில் விடுதலையானார்கள்.

ஸ்மித்துக்குத் தெரியுமா தெரியாதா? வருடத்தில் பாதி வாஷிங்டனில் இருந்தவர். கடையைப் பார்த்துக்கொண்டது புக்கானன். தெரியாமல் இருந்திருக்கலாம் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அது அவருக்குப் பெரிய சலுகை இல்லை. புக்கானனைக் கிளைத் தலைவராக யாரும் சந்தேகிக்காததற்குக் காரணமே கம்பெனியின் பெயரில் முதலில் வந்த ‘ஸ்மித்’ தான். 1814இல் ஆளுநரின் கடிதத்தைச் சொல் சொல்லாகப் படித்தவர், சொந்தக் கூட்டாளியின் பேரேட்டைப் படிக்கவில்லை. எதிரியைச் சந்தேகிப்பது சுலபம். தினமும் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவனை அந்த உலகத்தில் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். சந்தேகித்தால் வியாபாரமே நடக்காது.

வாக்காளர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. 1819இல் நாடெங்கும் வந்த நிதி நெருக்கடியில் சுங்க வருமானம் விழுந்து, அரசாங்கம் 1820இல் 30 லட்சம் டாலரும் 1821இல் 50 லட்சம் டாலரும் கடன் வாங்க வேண்டியிருந்தது. வரி-வருவாய்க் குழுத் தலைவர் அப்போதும் ஸ்மித்தான். தன் கடனை அடைக்க முடியாத மனிதர் நாட்டின் கடனுக்கு வழி பார்த்தார், அதை ஒழுங்காகவே பார்த்தார். 1822இல் மேரிலாந்து அவரைத் திரும்பவும் செனட்டுக்கு அனுப்பியது.

83 வயதில் இன்னொரு அழைப்பு

1834 மார்ச்சில் பாங்க் ஆஃப் மேரிலாந்து மூடியது. சிறு சேமிப்புக்காரர்கள் நிறையப் பேர் அதில் பணம் போட்டிருந்தார்கள். பதினேழு மாதம் ஆகியும் கணக்கு வெளியே வரவில்லை. 1835 ஆகஸ்டில் கூட்டம் கிளம்பி, வங்கியோடு சம்பந்தப்பட்டவர்களின் வீடுகளை உடைத்தது. வழக்கறிஞர் ரெவர்டி ஜான்சன் வீட்டுப் புத்தகங்கள்வரை தெருவில் எரிந்தன. மேயர் ஜெஸ்ஸி ஹன்ட் ராஜினாமா செய்தார். ஊர் மறுபடியும் ஸ்மித்தைத் தேடிப் போனது.

கொடியைக் கட்டிக்கொண்டு வண்டியில் தெருத்தெருவாகப் போனார். ஆயிரக்கணக்கானோர் பின்னால் சேர்ந்தார்கள், அவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்துக் காவல் நிறுத்தினார், கலவரம் அடங்கியது. உடனே அவரை மேயராகவும் தேர்ந்தெடுத்தார்கள். 1838 வரை அந்தப் பதவியில் இருந்து, 1839 ஏப்ரல் 22 அன்று, 86 வயதில் இறந்தார்.

அந்த ஆகஸ்டில் கல்லெறிந்தவர்கள் கேட்டது, பணம் எங்கே என்றுதான். பதினாறு வருடம் முன்னால் ஸ்மித்தின் கூட்டாளியிடம் கேட்டிருக்க வேண்டிய அதே கேள்வி. வீடு இழந்தவர்களுக்கு அடுத்த வருடமே மேரிலாந்து சட்டமன்றம் இழப்பீட்டுச் சட்டம் போட்டு, செலவை நகரத்தின் தலையில் வைத்தது.